பெயரேடு யாருடைய கையில்?

எங்கட ஊரில் வீடு தேடி வருகிறவர் வீட்டு இலக்கம் கேட்பதில்லை. சந்திக் கடையில் சைக்கிளை நிப்பாட்டி, "மணியத்தார் வீடு எது?" என்றுதான் கேட்பார். கடைக்காரர் கையைக் காட்டுவார். மணியத்தார் போன வருசம் வேறு ஒழுங்கைக்கு மாறியிருந்தாலும் வந்தவருக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் போதும். இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நம்பிக்கையில்தான் நிற்கிறது: கடையில் இருக்கிறவர் உண்மையைச் சொல்வார்.

நாங்கள் கதைக்கப்போவது கணினிக்குள் இருக்கிற அந்தக் கடைக்காரரைப் பற்றி.

கலைப்பீடக்காரருக்கு ஏன் இந்த வேலை எண்டு கேட்பீர்கள். போன தவணையில் எங்களுக்கு வந்த ஒப்படை 'பதிவேடுகளின் வரலாறு'. மற்றக் குழுக்கள் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள், பிறப்பு அத்தாட்சிகள், வாக்காளர் இடாப்பு என்று நல்ல தலைப்புகளை முதலே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக நின்றவர்கள் நாங்கள் மூன்று பேர். கணினி படிக்கிற கூட்டாளி ஒருத்தன்தான் கதையை எடுத்துத் தந்தான். "ஜாவா மெசேஜிங்கில ஒப்ஜெக்ட் ஸ்டோர் எண்டு ஒண்டு இருக்கு. பெயரைக் குடுத்தால் சாமானைத் தரும். அதுவும் பதிவேடுதானே?" என்றான். முதலில் சிரிச்சோம். பிறகு பார்த்தால், தோம்புக்காரருக்குக் கிடைத்ததைவிட நல்ல கதை எங்களுக்குத்தான் கிடைத்திருந்தது.

சாமான் என்ன என்பதை முதலில் சொல்லவேணும். ஒரு வங்கியில் இரண்டு மென்பொருள்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று பணம் எடுத்த விபரத்தை மற்றதுக்குச் சொல்லவேண்டும். நேரே தொலைபேசி எடுத்த மாதிரிப் பேசினால், மற்றது அந்த நேரம் படுத்திருந்தால் கதை முடிந்தது. அதனால் நடுவில் ஒரு தபால்கந்தோர் வைத்தார்கள். அனுப்புகிறவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகலாம். வாங்குகிறவர் எழும்பின பிறகு வந்து எடுக்கலாம். 1980களின் நடுப்பகுதியில் விவேக் ரணதிவே தொடங்கிய டெக்னெக்ரோன் சொஃப்ட்வெயர் சிஸ்டம்ஸ் அமெரிக்கப் பங்குவர்த்தகத் தளங்களுக்கு இப்படி ஒரு தகவல் 'பஸ்' செய்து கொடுத்தது. அதன் வழிவந்ததுதான் பிறகு டிப்கோ. ஐபிஎம் 1993 இல் எம்கியூசீரிஸைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தபால்கந்தோருக்கும் ஒவ்வொரு படிவம், ஒவ்வொரு முத்திரை. ஒன்றுக்கு எழுதின நிரலை மற்றதுக்குக் கொண்டுபோக ஏலாது. கொம்பனிகளுக்கு அது நல்ல வியாபாரம், வாங்கினவர்களுக்குத்தான் தலையிடி.

1998 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இதற்கு ஒரு பொதுப்படிவம் வெளியிட்டது. அதுதான் ஜாவா மெசேஜ் சேர்விஸ், சுருக்கமாக ஜேஎம்எஸ். இதை எழுதினவர்கள் கெட்டிக்காரர். கொம்பனிகளை ஒரே மாதிரி வேலை செய்யச் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனபடியால், எது எது ஒத்துவராதோ அதையெல்லாம் படிவத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். செய்தி கம்பியில் எப்படிப் போகவேணும்? அதை நீங்களே பாருங்கள். சேர்வரை எப்படி நிர்வகிப்பது? அதையும் நீங்களே பாருங்கள். ஒரு கேள்வியை மட்டும் தள்ள முடியவில்லை: நிரல் எழுதுகிறவர் எந்தத் தபால்கந்தோர், எந்தப் பெட்டி என்று எப்படிக் குறிப்பிடுவார்? அதை நிரலுக்குள் எழுதினால் அந்தக் கொம்பனியின் பெயரும் விலாசமும் நிரலோடு ஒட்டிக்கொள்ளும். பொதுப்படிவம் எழுதினதே வீண்.

இங்கேதான் அவர்கள் ஒரு வேலைப்பிரிவினை செய்தார்கள், எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். இரண்டு வகைப் பொருளை வேறாக எடுத்தார்கள். ஒன்று 'கனெக்‌ஷன் ஃபக்டரி', அதாவது தபால்கந்தோருக்குப் போகும் வழி. மற்றது 'டெஸ்டினேஷன்', அதாவது பெட்டி. பெட்டி ஒருவருக்கு மட்டும் போவதென்றால் கியூ, சந்தா கட்டின எல்லாருக்கும் போவதென்றால் டொபிக். இந்த இரண்டையும் நிரலாளர் செய்யக்கூடாது, நிர்வாகி செய்யவேணும். அதனாலேயே இவற்றுக்கு 'நிர்வகிக்கப்படும் பொருள்கள்' என்று பெயர். நிர்வாகி அவற்றைச் செய்து, பெயர் சூட்டி, ஒரு பெயரேட்டில் வைப்பார். நிரலாளர் அந்தப் பெயரை மட்டும் சொல்லி எடுப்பார். நாளைக்கு ஐபிஎம்மை விட்டு வேறு கொம்பனிக்கு மாறினால் நிர்வாகி ஏட்டில் எழுதியிருப்பதை மாற்றினால் போதும், நிரலில் ஒரு எழுத்தும் மாறாது. மணியத்தார் வீடு மாறின கதைதான்.

அந்தப் பெயரேட்டைத் திறக்கிற சாவிக்குப் பெயர் ஜேஎன்டிஐ. அதையும் சன் தான் செய்தது. ரோசானா லீ, ஸ்கொட் செலிக்மன் என்ற இரண்டு பேரின் பெயர் அதோடு சேர்ந்து வரும். ஜேஎன்டிஐ தானாக ஏடு ஒன்றும் வைத்திருக்காது. எந்த ஏடு என்றாலும் ஒரே மாதிரித் திறக்க உதவும், அவ்வளவுதான். கணினியின் கோப்புறை, டிஎன்எஸ், எல்டாப் என்று எது பின்னால் நின்றாலும் நிரலாளர் பாவிக்கிற சொல் ஒன்றுதான்: லுக்-அப். தேடு. 2000 ஆம் ஆண்டு வந்த ஜாவா 1.3 இலிருந்து இது ஜாவாவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இந்த விசயத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

எல்டாப் என்கிறதுக்குத் தனி வரலாறு இருக்கிறது. கணினி வலையில் பெயரேடு என்ற யோசனை புதிதல்ல. 1980களின் தொடக்கத்திலேயே ஸெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் 'கிரேப்வைன்' என்ற தொகுதி மின்னஞ்சல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக ஆட்களின் பெயர்களை ஏட்டில் வைத்திருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு துண்டு: ஆள், அவர் சேர்ந்த பதிவகம். ஆனால் பெரிய கனவு கண்டவர்கள் தொலைத்தொடர்புக்காரர்கள்தான். 1988 இல் சர்வதேசத் தொலைத்தொடர்புக் குழுவும் தரநிர்ணய அமைப்பும் சேர்ந்து எக்ஸ்.500 என்ற தரத்தை வெளியிட்டன. உலகம் முழுவதற்கும் ஒரே ஒரு ரெலிபோன் டிரெக்டரி! அது ஒரு மரம். உச்சியில் நாடு, அதற்குக் கீழ் நிறுவனம், அதற்குக் கீழ் பிரிவு, கடைசியில் ஆள். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் அரசாங்கத் தபால், தொலைபேசித் திணைக்களங்கள். அவர்கள் வரைந்த மரத்தில் அரசு உச்சியில் இருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தோம்பு எழுதினவனுக்குக் காணிதான் உலகம், தலைவரி எழுதினவனுக்குத் தலைதான் உலகம். எந்த ஏடும் அதை எழுதின கையின் உருவத்தைத்தான் எடுக்கும். (இந்த வசனத்துக்கு எங்கட விரிவுரையாளர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நாங்கள் மாற்றவில்லை.)

எக்ஸ்.500 ஐச் செய்து பார்த்தவர்களில் முக்கியமானவர் லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் இருந்த ஸ்டீவ் கில். தன் மென்பொருளுக்கு அவர் 'கிப்பு' என்று பெயர் வைத்தார். எழுத்தில்லாத இன்கா அரசு கணக்கு வைத்த முடிச்சுக் கயிறுகளின் பெயர் அது. பெயர் அழகுதான், ஆனால் தொகுதி சரியான பாரம். எக்ஸ்.500 ஓஎஸ்ஐ என்ற ஏழடுக்கு வலையமைப்பின்மேல் ஓடவேண்டியிருந்தது. அந்தக் காலத்து மேசைக்கணினிகளுக்கு அது தாங்காது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸ் என்பவரும் அவருடைய ஆட்களும் இதற்கு ஒரு குறுக்குவழி தேடினார்கள். பாரமான வேலையை நடுவில் ஒரு சேர்வர் செய்யட்டும், சின்னக் கணினி அதோடு இன்ரநெற் வழியாக லேசாகக் கதைக்கட்டும் என்பது அவர்கள் யோசனை. 1993 ஜூலையில் ஆர்எஃப்சி 1487 ஆக எல்டாப் வெளிவந்தது. பெயரின் முதல் எழுத்தே 'லேசு' என்பதற்குத்தான். யோங், ஹவ்ஸ், கில் மூன்று பேரும் அதை எழுதியிருந்தார்கள். பாரமானதைக் கட்டினவரும் லேசானதில் கையெழுத்துப் போட்டது எங்களுக்குப் பிடித்திருந்தது.

வாசலாக வந்த எல்டாப் கொஞ்சக் காலத்தில் வீடாகவே மாறிவிட்டது. 1995 இல் மிச்சிகன்காரர்கள் எக்ஸ்.500 இல்லாமலே தனியே நிற்கிற எல்டாப் சேர்வர் செய்தார்கள். ஹவ்ஸ் நெட்ஸ்கேப்புக்குப் போனார். 1997 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு, 1998 இல் ஓபன்எல்டாப், 2000 இல் மைக்ரோசொஃப்டின் அக்டிவ் டிரெக்டரி. உச்சியில் நாடு இருக்கவேணும் என்ற வழக்கமும் தளர்ந்து, இணைய முகவரித் துண்டுகளே மரத்தின் வேராகத் தொடங்கின. உலகத்துக்கு ஒரே ஏடு என்ற கனவு அதோடு சரி. மிஞ்சினது நிறுவனத்துக்கு ஒரு ஏடு.

சரி, நாங்கள் செய்து பார்த்த கதைக்கு வருவோம். கூட்டாளியின் பழைய மடிக்கணினியில் ஓபன் எம்கியூ என்ற இலவச மெசேஜிங் சேர்வரைப் போட்டோம். அதுவும் சன்னில் இருந்து வந்ததுதான். பெயரேட்டை இரண்டு விதமாக வைக்கலாம் என்று அதன் கைநூல் சொல்கிறது: உண்மையான பாவனைக்கு எல்டாப் சேர்வர், பழகிப்பார்க்கச் சாதாரணக் கோப்புறை. எங்களுக்குக் கோப்புறை போதும். கட்டளைக்கு இரண்டு விசயம் சொல்லவேணும். ஏட்டைத் திறக்கிற ஃபக்டரியின் பெயர் ஒன்று, ஏடு இருக்கிற இடம் மற்றது. முதல் தரம் ஃபக்டரியின் பெயரை எழுத மறந்துபோனோம். சிவப்புச் சிவப்பாக ஒரு பிழைச்செய்தி வந்தது. இரண்டாம் தரம் கோப்புறையின் பெயரைக் கொடுத்தோம், ஆனால் அப்படி ஒரு கோப்புறையை முதலில் உண்டாக்கவில்லை. கருவி தானே செய்துகொள்ளும் என்று நினைத்ததுதான் பிழை. இரவு பதினொரு மணிக்கு அதைக் கண்டுபிடித்தபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் குற்றஞ்சாட்டி முடித்திருந்தோம்.

பிறகு ஒரு கியூவும் ஒரு கனெக்‌ஷன் ஃபக்டரியும் வைத்தோம். கோப்புறைக்குள் பார்த்தால் ஒன்றையும் காணவில்லை. புள்ளியில் தொடங்குகிற கோப்புகளை லினக்ஸ் மறைத்து வைக்குமாம். மறைந்திருந்த அந்தக் கோப்பின் பெயர் 'பைண்டிங்ஸ்'. திறந்தால் வெறும் எழுத்து, வரி வரியாக. அதைப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. ஏட்டில் பொருள் இல்லை, பொருளைத் திரும்பக் கட்டுகிற குறிப்புத்தான் இருந்தது. இந்தப் பெயருக்குரிய பொருள் இந்தக் கிளாஸைச் சேர்ந்தது, இதைக் கட்டித் தருவது இன்ன ஃபக்டரி, கட்டத் தேவையான விலாசம் இது. யாராவது வந்து பெயரைச் சொன்னால் ஜாவா இந்தக் குறிப்பை வாசித்து, அந்த ஃபக்டரியைக் கூப்பிட்டு, பொருளை அந்த இடத்திலேயே செய்து கொடுக்கும்.

எல்டாப்பில் வைத்தாலும் இதே முறைதான், பெயருக்கு முன்னால் 'சிஎன்' போடவேணும் என்பது மட்டும் வித்தியாசம். ஜாவாப் பொருளை எல்டாப் மரத்தில் எப்படி எழுதிவைப்பது என்று 1999 ஒக்ரோபரில் ஆர்எஃப்சி 2713 வந்தது. கிளாஸின் பெயருக்கு ஒரு கட்டம், ஃபக்டரியின் பெயருக்கு ஒரு கட்டம். அதோடு இன்னொரு கட்டமும் வைத்தார்கள்: அந்தக் கிளாஸின் நிரல் உங்களிடம் இல்லையென்றால் எந்த இணைய முகவரியில் போய் எடுக்கலாம் என்று.

கொஞ்சம் நில்லுங்கள். வீடு தேடி வந்தவருக்குக் கடைக்காரர் வழி மட்டும் காட்டவில்லை. "இந்தப் பெட்டியையும் கொண்டுபோங்கோ, உங்கட வீட்டுக்க வைச்சுத் திறவுங்கோ" என்கிறார். வந்தவரும் கேள்வி கேளாமல் திறக்கிறார். 1999 இல் இது முட்டாள்தனமில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். ஏட்டில் எழுதுகிறவர் நிர்வாகி, எந்த ஏட்டைப் பார்ப்பது என்று சொல்கிறவரும் நிர்வாகி. நிர்வாகியை நம்பாமல் யாரை நம்புவது? ஜேஎம்எஸ்காரர் செய்த வேலைப்பிரிவினையே அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. வங்கி, விமான நிறுவனம், தொலைபேசிக் கொம்பனி எல்லாம் இப்படித்தான் ஓடின. கொழும்பில் 2005 இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் இணைப்பு மென்பொருளிலும் ஜேஎம்எஸ்ஸுக்கு அமைப்புச் செய்கிறவர் நாங்கள் மறந்துபோன அந்த இரண்டு வரியையும், ஃபக்டரியின் பெயரும் ஏட்டின் இடமும், எழுதத்தான் வேணும்.

இனி 2013 க்கு வருவோம். லொக்ஃபோர்ஜே என்பது ஜாவா நிரல்கள் தங்கள் நாட்குறிப்பை எழுதுகிற ஒரு நூலகம். யார் வந்தார், என்ன கேட்டார், எங்கே பிழைத்தது என்று வரி வரியாகப் பதிகிற கணக்கப்பிள்ளை மாதிரி. அப்பாச்சி அமைப்பின் கீழ் தொண்டர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். அந்த ஆண்டு அதன் இரண்டாம் பதிப்புக்கு ஒரு வசதி சேர்ந்தது: பதிகிற வரிக்குள் ஒரு குறிப்பிட்ட அடைப்புக்குறி வடிவத்தில் ஜேஎன்டிஐப் பெயர் வந்தால், ஏட்டில் தேடி மதிப்பை எடுத்து அந்த இடத்தில் போடும். நல்ல எண்ணத்தில் செய்த வசதிதான். ஆனால் நாட்குறிப்பில் எழுதப்படுவது நிர்வாகியின் சொல் மட்டுமல்ல. வெளியிலிருந்து வந்தவன் சொன்னதும் எழுதப்படும், அவன் தன் பெயராக எதைச் சொன்னானோ அதுவும்.

எட்டு வருசம் இது பெரிதாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. 2016 இல் பிளாக் ஹற் மாநாட்டில் அல்வாரோ முன்யோஸ், ஒலெக்சாண்டர் மிரோஷ் என்ற இருவர் ஜேஎன்டிஐயும் எல்டாப்பும் சேர்ந்தால் அந்நியரின் நிரலை ஓடவைக்கலாம் என்று மேடையில் காட்டினார்கள். 2018 இல் ஜாவா, எல்டாப் சொல்கிற இணைய முகவரியில் போய் நிரல் எடுப்பதை இயல்பிருப்பாக நிறுத்தியது. ஆனாலும் பழைய ஜாவாக்கள் எங்கும் ஓடிக்கொண்டிருந்தன, புதியவற்றிலும் சுற்றிப்போக வழிகள் இருந்தன. 2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் லொக்ஃபோர்ஜே ஓட்டையை அப்பாச்சிக்கு அறிவித்தார். டிசம்பர் 9 இல் அது வெளியே வந்துவிட்டது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதினால் சேர்வர் உங்கள் கையில். அந்த வரியில் இருந்தது என்ன? ஒரு எல்டாப் முகவரி. சேர்வர் அதை நாட்குறிப்பில் எழுதப்போகும், எழுதும்போது தேடும், தேடும்போது தாக்குகிறவன் வைத்திருக்கிற ஏட்டிடம் போகும், அது கொடுக்கிற பெட்டியை வீட்டுக்குள் வைத்துத் திறக்கும். நாங்கள் மூன்று பேரும் இரவிரவாகத் தட்டித்தடவிச் செய்த அதே லுக்-அப்.

பாரதூர அளவுகோலில் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். லொக்4ஷெல் என்று பெயரும் வைத்தார்கள். திருத்தப் பதிப்பு 2.15 வந்தது, அது காணாது. 2.16 ஜேஎன்டிஐயை இயல்பிருப்பில் நிறுத்தியது. பிறகு 2.17. நத்தார் விடுமுறை முழுக்க அந்தத் தொண்டர்கள் நித்திரையில்லாமல் இருந்திருப்பார்கள். அதிலிருந்து பெருங்காசு உழைத்த கொம்பனிகள் அதுவரை அவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் இருந்ததை வாசித்தபோது எங்களுக்குக் கோபம்தான் வந்தது. 2022 ஜூலையில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு மீளாய்வுச் சபை தன் முதல் அறிக்கையிலேயே, இந்த ஓட்டை பத்து வருசமோ அதற்கு மேலோ தொகுதிகளில் தங்கியிருக்கக்கூடும் என்று எழுதியது.

அந்தக் கிழமைகளில் இன்னொரு சின்ன ஓட்டையும் பதிவானது. 2015 இலேயே ஓய்வு கொடுக்கப்பட்ட லொக்ஃபோர்ஜே முதலாம் பதிப்பில், நாட்குறிப்பை ஜேஎம்எஸ் டொபிக் ஒன்றுக்கு அனுப்புகிற பகுதி ஒன்று இருந்தது. அது தன் டொபிக்கையும் கனெக்‌ஷன் ஃபக்டரியையும் ஜேஎன்டிஐ ஏட்டில்தான் தேடும். அமைப்புக் கோப்பில் கைவைக்க முடிந்தவன் அந்தத் தேடலையும் திருப்பிவிடலாம். முதலாவதைப்போல அந்நியன் வாசலில் நின்று செய்யக்கூடியது அல்ல, உள்ளே வந்தவன்தான் செய்யலாம். அதனால் செய்தியில் அடிபடவில்லை. எங்கள் ஒப்படைக்கு அதுதான் பொருத்தமான உதாரணம், ஏன் எண்டால் பெயரேடும் தபால்பெட்டியும் நிர்வாகியும் அதில் ஒன்றாக நிற்கிறார்கள்.

இப்போது அந்தப் பழைய வேலைப்பிரிவினையும் கரைந்துகொண்டு வருகிறது. 2013 இல் வந்த ஜேஎம்எஸ் 2.0 இல் நிரலாளரே தன் நிரலுக்குள் கனெக்‌ஷன் ஃபக்டரியை வரையறுத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டது. பிறகு ஜேஎம்எஸ் எக்லிப்ஸ் அமைப்பிடம் போய் ஜகார்த்தா மெசேஜிங் ஆனது. இன்று பலர் விலாசத்தைச் சூழல் மாறியிலோ அமைப்புக் கோப்பிலோ எழுதிவிட்டுப் போகிறார்கள். ஏடு மெலிந்துவிட்டது, கடைக்காரர் இல்லாத சந்தி மாதிரி.

ஒப்படை கொடுக்கிறதுக்கு முதல் நாள் ஒரு பரிசோதனை செய்தோம். எங்களில் ஒருத்தி மற்ற இருவருக்கும் சொல்லாமல் அந்த மறைந்த கோப்பைத் திறந்து, சேர்வரின் விலாசத்தை அழித்து, தன் மடிக்கணினியின் விலாசத்தை எழுதினாள். அதிலும் அதே சேர்வரை ஓடவிட்டிருந்தாள். நாங்கள் வழமைபோல நிரலை ஓட்டினோம். 'செய்தி அனுப்பப்பட்டது' என்று வந்தது. வாங்குகிற பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. அரை மணித்தியாலமாக நிரலைத் துருவினோம், பிழையே இல்லை. அவள் மேசையின் மற்றக் கரையில் இருந்து எங்கட செய்திகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள்.